வசந்த விழாவுக்கு ஊருக்குப் போகவில்லையா? சீனாவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சீனாவில் எம்.பி.பி.எஸ். படிக்க வந்த நம் ஆட்களில் பலர் குளிர்கால விடுமுறை தொடங்கியதுமே ஊருக்குப் பறந்துவிடுவார்கள். விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுத் தங்கிவிடுகிறவர்களும் உண்டு. இங்கேயே இருந்து வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டைப் பார்த்துவிடலாம் என்று ஆசையாகத் தங்குகிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் காத்திருப்பது ஒன்றுதான்: கேன்டீனில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கும். தினமும் நூடுல்ஸ் சாப்பிடும் கடையின் ஷட்டரில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். தெருவில் ஈ, காக்காய் இருக்காது. ஏனென்றால் இந்தப் பண்டிகை வீட்டுக்குள் நடப்பது. அதனால் ஒரு வீட்டுக்குள் போக வழி செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் ஹாஸ்டலிலேயே நாமே நடத்திக்கொள்ள வேண்டும். எதுவானாலும் வேலையை டிசம்பரிலேயே தொடங்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாமல் ஜனவரிக் குளிரில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

சீனப் புத்தாண்டு சந்திர நாள்காட்டிப்படி வருவதால் தேதி ஆண்டுதோறும் மாறும். 2026-இல் பிப்ரவரி 17. 2027-இல் பிப்ரவரி 6. ஆனால் உங்களுக்கு முக்கியம் அதற்கு முந்தைய இரவு, அதாவது 2027-இல் பிப்ரவரி 5. குடும்பம் மொத்தமும் கூடிச் சாப்பிடும் நியென்யெஃபான் விருந்து அன்றுதான். புத்தாண்டு அன்று காலையில் போய் இறங்கினால் விழாவில் பாதி முடிந்திருக்கும். அதிலிருந்து பதினைந்தாம் நாள், 2027-இல் பிப்ரவரி 20, விளக்குத் திருவிழா. அத்தோடு முடிந்தது.

அரசு விடுமுறை இதைவிடக் குறைவு. 2025 முதல் முந்தைய நாளும் விடுமுறைப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. 2025-இல் 8 நாள் விட்டார்கள், 2026-இல் 9 நாள். அடுத்த ஆண்டுக்கான பட்டியல் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில் வந்துவிடும். அதில் ஈட்டு நாள்களையும் பாருங்கள். நீண்ட விடுமுறைக்குப் பதிலாக முன்னும் பின்னும் ஓரிரு சனி, ஞாயிறுகளை வேலை நாளாக்கிவிடுவார்கள். வங்கியிலோ போலீஸ் அலுவலகத்திலோ வேலை பாக்கி இருந்தால் அந்த நாள்கள் கைகொடுக்கும்.

கல்லூரி விடுமுறை தனிக் கணக்கு. ஜனவரி நடுவில் தேர்வு முடிந்து, பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ மறுபடி திறப்பார்கள். நம் பொங்கல் தேர்வு அறைக்குள்ளேயே கழிந்துவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கல்லூரியின் இன்டர்நேஷனல் ஆபீஸ் என்றைக்குப் பூட்டுகிறார்கள் என்பதை மட்டும் டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள். கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்கு அந்தத் தேதிதான் உண்மையான கெடு.

2. அழைப்பு உண்மையான அழைப்புதானா?

வகுப்புத் தோழரோ மருத்துவமனையில் கூட வேலை பார்ப்பவரோ “புத்தாண்டுக்கு எங்கள் வீட்டுக்கு வா” என்று சொல்வது சாதாரணம். பாதி நேரம் அது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் கூப்பிடுகிறார் என்றால் அடுத்த பேச்சிலேயே எந்த ஊர், எந்த ரயில் என்று விவரம் வரும். வராவிட்டால் நீங்களே மெதுவாகக் கேளுங்கள்: அப்பா அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதா, எத்தனை நாள் தங்கலாம், எங்கே படுக்கை. இப்படிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிச்சயமில்லாமல் போய் நிற்பதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சீனக் குடும்பங்களில் ஒரு பையன் ஒரு பெண்ணைப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தால், அல்லது ஒரு பெண் ஒரு பையனை அழைத்து வந்தால், சொந்தக்காரர்கள் அதைக் கல்யாணப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். “வெறும் நண்பர்கள்” என்று நீங்கள் சொல்வது யார் காதிலும் ஏறாது. பாட்டி பணம் வைத்த கனமான சிவப்பு உறையோடு வந்து நிற்பார், அதை வாங்குவதா வேண்டாமா என்று திண்டாட வேண்டியிருக்கும். அதனால் பையன் என்றால் பையன் வீட்டுக்கு, பெண் என்றால் பெண் வீட்டுக்குப் போங்கள், அல்லது இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள்.

அந்த வீட்டில் அந்த ஆண்டு யாராவது இறந்திருந்தால் பல ஊர்களில் கதவில் வாழ்த்துச் சிவப்புத் தாள் ஒட்டுவதையும் விருந்தாளி அழைப்பதையும் தவிர்ப்பார்கள். நண்பர் திடீரென்று “இந்த வருஷம் வேண்டாம்” என்றால் துருவிக் கேட்காதீர்கள்.

வீடு வட சீனாவிலா தென் சீனாவிலா என்பதும் முக்கியம். வடக்கு நகரங்களில் வீட்டுக்குள் மத்திய வெப்பமூட்டல் உண்டு. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை ஓடும். ஹூபெய், ஹூனான், ஜியாங்ஷி போன்ற தெற்குப் பக்க மாகாணங்களில் அது கிடையாது. வெளியே 3 டிகிரி என்றால் சாப்பாட்டு மேசையிலும் ஏறக்குறைய அதேதான். “தெற்கு, அதனால் குளிர் குறைவு” என்று நம்பி ஒரே ஜாக்கெட்டோடு போகிறவர்கள் இரவில் தூங்க முடியாது. தெர்மல் உள்ளாடை இரண்டு செட், கனமான சாக்ஸ், வீட்டுக்குள் போட ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பாஸ்போர்ட்டும் ஆர்.பி.யும் கையில் இருக்கட்டும்

பயணத்துக்கு, ஓட்டலுக்கு, போலீஸ் பதிவுக்கு, எல்லாவற்றுக்கும் அசல் பாஸ்போர்ட் வேண்டும். போட்டோ, ஜெராக்ஸ் எதுவும் செல்லாது. ரெசிடென்ஸ் பெர்மிட், நம் பேச்சில் ஆர்.பி., பிப்ரவரியிலோ மார்ச்சிலோ முடிகிறது என்றால் இப்போதே உஷாராக வேண்டும். காலாவதிக்கு 30 நாள் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பித்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். முடிவுக்கு 15 நாள் வரை ஆகலாம். நடுவில் விடுமுறை வந்துவிட்டால் இன்னும் இழுக்கும். அந்த ரசீதை நம்பி ரயில் பயணம் திட்டமிடாதீர்கள்.

நீட்டிப்புக்குக் கல்லூரி முத்திரை வைத்த கடிதம் வேண்டும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. முத்திரை இருப்பது இன்டர்நேஷனல் ஆபீஸில். அந்த ஆபீஸ் ஜனவரி 20 வாக்கில் பூட்டினால் உங்கள் கெடுவும் அதுதான். ஆர்.பி. முடிந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம் போடலாம். ஒரு யுவான் 12 ரூபாய்க்கு மேல், நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

நடுவில் ஹாங்காங் போய்வரலாம் என்று யாராவது கிளப்புவார்கள். ஹாங்காங் போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. செல்லுபடியாகும் ஆர்.பி. இருந்தால் திரும்பி வரலாம். ஒருமுறை நுழைவு விசா மட்டும் இருந்தால் திரும்ப வர வழியில்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங் போகுமுன் ஆன்லைனில் தங்கள் விவரத்தைப் பதிவும் செய்ய வேண்டும். திபெத் நண்பர் அழைத்தாலும் வெறும் ஆர்.பி.யோடு போக முடியாது. தனி அனுமதி வேண்டும், வெளிநாட்டவர்களுக்கு அதைப் பிப்ரவரி இறுதி, மார்ச் மாதங்களில் பெரும்பாலும் தருவதில்லை.

4. பெயர்த் தகராறை இப்போதே தீருங்கள்

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தப் படியே தேவைப்படாது. நம் ஆட்களுக்குத்தான் இதில் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இன்னொருவருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும். மூன்றாமவருக்கு இனிஷியல் விரிந்து மூன்று சொல்லாகக் கிடக்கும். சீனாவில் வங்கி ஒரு மாதிரி பதிவு செய்யும், பேசவும் பணம் கட்டவும் எல்லாரும் பயன்படுத்தும் வீசாட் செயலி இன்னொரு மாதிரி கேட்கும், ரயில்வேயின் 12306 செயலி வேறொரு மாதிரி எதிர்பார்க்கும். ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் “தகவல் பொருந்தவில்லை” என்று திருப்பி அனுப்பிவிடும்.

என் கணக்கைத் திறந்த வங்கியில் பெயரின் இரண்டு பகுதிகளையும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி அடித்துவிட்டார்கள். வீசாட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இடைவெளி விட்டு அடித்தால் கார்டு இணையாது. கவுன்டரில் இருந்த பெண் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நீளமாக ஒரே சொல்லாக என் பெயர். அதைப் படம் எடுத்து, அதே எழுத்து வரிசையில் வீசாட்டில் அடித்த பிறகுதான் இணைந்தது. ஆகவே வங்கியில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். 12306-இலோ பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே கொடுங்கள். பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க நேரம் எடுக்கும், செயலியில் முடியாவிட்டால் ரயில் நிலையக் கவுன்டருக்கு அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளில் இந்த வேலையில் மாட்டிக்கொண்டால் டிக்கெட் போனது போனதுதான். டிசம்பரில் முடித்துவிடுங்கள்.

இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும். வங்கி, வீசாட், சிம் கார்டு, 12306 நான்கிலும் மாற்ற வேண்டும்.

5. ரயில் டிக்கெட்

வசந்த விழா நெரிசலுக்கு ச்சுன்யுன் என்று பெயர். மொத்தம் 40 நாள்: விழாவுக்கு முன் 15, பின் 25. நாடே ஊருக்குப் போகும் காலம். தீபாவளிக்குக் கோயம்பேட்டில் நின்று பழகியவர்கள்கூட இங்கே மூச்சுத் திணறுவார்கள்.

பயண நாளையும் சேர்த்து 15 நாள் முன்பு விற்பனை தொடங்கும். பிப்ரவரி 3 அன்று கிளம்ப வேண்டுமென்றால் ஜனவரி 20 அன்று வாங்க வேண்டும். காலையில் எல்லா நிலையத்துக்கும் ஒன்றாகத் திறக்காது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நேரம். ஒரே ஊரில் மூன்று ரயில் நிலையம் இருந்தால் மூன்று நேரம். 12306 செயலியில் நிலையத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் விற்பனை நேரம் தெரியும். அந்த நிமிடத்துக்குப் பயணிகள் விவரமெல்லாம் நிரப்பித் தயாராக இருங்கள். தீர்ந்துவிட்டால் ஹோவ்பூ என்ற காத்திருப்புப் பட்டியலில் பணம் கட்டிச் சேருங்கள். யாராவது ரத்து செய்தால் வரிசைப்படி கிடைக்கும், கிடைக்காவிட்டால் பணம் திரும்பிவிடும். “கூடுதல் பணம் கட்டினால் டிக்கெட் பிடித்துத் தருகிறோம்” என்னும் தனியார் செயலிகளுக்கு ஹோவ்பூவை முந்தும் வழி எதுவும் இல்லை. காசு வீண்.

செலவு: 1000 கிலோமீட்டருக்கு அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்பு ஏறக்குறைய 450 முதல் 550 யுவான். பழைய ரயிலில் ஹார்ட் ஸ்லீப்பர் எனும் சாதாரணப் படுக்கை 230 வாக்கில், ஹார்ட் சீட் எனும் சாதாரண இருக்கை 130 வாக்கில். இருக்கை இல்லாத டிக்கெட்டுக்கும் இருக்கை விலைதான், இது தெரியாமல் மலிவு என்று நினைத்து எடுக்காதீர்கள். ரத்து செய்தால் 8 நாளுக்கு முன் கட்டணம் இல்லை. பிறகு 5%, கிளம்ப 48 மணி நேரத்துக்குள் 10%, 24 மணி நேரத்துக்குள் 20% பிடிப்பார்கள். அதனால் சந்தேகமாக இருந்தாலும் முதலில் வாங்கிவிடுவது நல்லது.

திரும்பி வரும் டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள். புத்தாண்டின் ஆறாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை எல்லாரும் நகரத்துக்குத் திரும்புவார்கள், போகும்போது இருந்ததைவிட நெரிசல். பிப்ரவரி 12 அன்று திரும்ப வேண்டுமென்றால் ஜனவரி 29 அன்றே செயலியில் உட்கார வேண்டும். நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே வாங்கலாம் என்று விட்டால் மார்ச் வரை அங்கேயே சாப்பிட வேண்டியதுதான்.

நிலையத்தில் தானியங்கிக் கதவுகள் பெரும்பாலும் சீன அடையாள அட்டைக்கானவை. ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போங்கள். அங்கே வரிசை மெதுவாகத்தான் நகரும், ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பை ஒருவருக்கு 20 கிலோ. பட்டாசு எடுத்துக்கொண்டு ரயிலேற முயன்றால் பை மட்டுமல்ல, நீங்களும் நின்றுவிடுவீர்கள்.

6. கல்லூரி அனுமதி, போலீஸ் பதிவு

கிளம்புமுன் கல்லூரியில் ஊர் விட்டுப் போவதற்கான படிவம் ஒன்று நிரப்பச் சொல்வார்கள். எங்கே, யார் வீடு, போன் எண், திரும்பும் தேதி. சில கல்லூரிகளில் செயலியிலேயே முடிந்துவிடும். நிரப்பாமல் போனால் ஹாஸ்டல் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் காணாமல் போனவர் பட்டியலில் வரும், வீட்டுக்குப் போன் போகும், அம்மா பயந்துவிடுவார்.

அடுத்தது போலீஸ். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். யாருடைய வீட்டிலாவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தற்காலிகத் தங்கல் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எச்சரிக்கை, கூடவே 2000 யுவான் வரை அபராதமும் போட இடமிருக்கிறது. கேட்பாரில்லை என்று விடுகிறவர்கள் உண்டு. அடுத்த ஆர்.பி. நீட்டிப்பில் பழைய பதிவுகளைத் திரையில் பார்க்கும் அதிகாரி முன்னால் நின்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

என்ன எடுத்துப் போவது: அசல் பாஸ்போர்ட். முதல் பக்கம், ஆர்.பி. பக்கம், கடைசியாக நுழைந்த முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் நகல் இரண்டு செட். வீட்டுக்காரரின் அடையாள அட்டை, ஹூகோவ் எனும் குடும்பப் பதிவேடு அல்லது வீட்டுப் பத்திரம். வீட்டுக்காரர் கூட வந்தால் சட்டென்று முடியும். கட்டணம் கிடையாது. பெரிய நகரங்கள் பலவற்றில் போனிலேயே பதியலாம். சின்ன ஊர்க் காவல் நிலையத்தில் வெளிநாட்டவரைப் பதிந்து பழக்கமே இருக்காது, விழா நாளில் ஒரே ஒருவர்தான் பணியில் இருப்பார். நண்பரின் அப்பாவை முதல் நாளே போன் செய்து சொல்லி வைக்கச் சொல்லுங்கள். பதிவுச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஓர் இரவு ஓட்டலில் தங்குவதாக இருந்தால் முன்பே போன் செய்யுங்கள். வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024-இல் அரசே அறிவுறுத்தியது. ஆனாலும் சின்ன விடுதிகளில் பாஸ்போர்ட்டை எப்படிப் பதிவது என்று தெரியாமல் கைவிரிக்கிறார்கள்.

7. கையில் என்ன கொண்டுபோவது

பரிசை இரட்டைப்படையில் வாங்குங்கள், நான்கைத் தவிர்த்து. பழப் பெட்டி ஒன்று 60 முதல் 100 யுவான், பால் பெட்டி 50 முதல் 70, கொட்டை வகைகள் வைத்த பரிசுப் பெட்டி 80 முதல் 130. இதில் இரண்டு போதும். 200 யுவானுக்குள் முடித்துக்கொள்ளலாம். ரயிலில் சுமக்காமல் நண்பரின் ஊரில் இறங்கியதும் வாங்குங்கள், அந்த நேரத்தில் எல்லாக் கடை வாசலிலும் சிவப்புப் பெட்டிகளாக அடுக்கியிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த முந்திரியோ நல்ல தேயிலையோ இருந்தால் அதையும் கொடுங்கள், அதைத்தான் சொந்தக்காரர்களிடமெல்லாம் காட்டுவார்கள்.

கடிகாரம், குடை, பேரிக்காய் வேண்டாம், அபசகுனம் என்பார்கள். வெள்ளை, கறுப்புத் தாளில் சுற்றவும் வேண்டாம்.

சிவப்பு உறைக்கு ஹோங்பாவ் என்று பெயர். கல்யாணம் ஆகாத மாணவர் கொடுத்தாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நீங்கள் தங்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் 100 அல்லது 200 யுவான், சலவை நோட்டாக, வைத்துக் கொடுப்பது நல்ல பெயர் வாங்கித் தரும். 4-இல் தொடங்கும் தொகை கூடாது. புது நோட்டுக்கு வங்கியில் வரிசை நிற்கும், ஜனவரியிலேயே மாற்றிவிடுங்கள். உங்களுக்கு யாராவது கொடுத்தால் ஒருமுறை மறுத்து, பிறகு இரண்டு கையாலும் வாங்குங்கள். அவர்கள் முன்னால் பிரிக்காதீர்கள்.

வீசாட் ஹோங்பாவ் வேறு விளையாட்டு. ஓர் உறையில் 200 யுவான்தான் அதிகபட்சம். 24 மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அனுப்புவதற்குச் சீன வங்கிக் கார்டு இணைத்திருக்க வேண்டும், இந்திய வங்கிகள் தரும் விசா கார்டு, மாஸ்டர் கார்டு இதற்கு உதவாது. வகுப்புக் குழுவில் ஆளாளுக்குப் போட்டு எல்லாரும் பாய்ந்து எடுப்பார்கள். எடுத்துக்கொண்டே இருந்து ஒருமுறைகூடப் போடாதவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 8.88 யுவானைப் பத்துப் பேருக்குப் பிரித்து ஒன்று போட்டுவிடுங்கள், போதும்.

8. வீட்டுக்குள்

முதல் சிக்கல் சாப்பாடு. சைவம் என்று சொன்னால் பலர் மாமிசத் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். குழம்பு எலும்புச் சாறாக இருக்கும், வதக்கல் பன்றிக் கொழுப்பில் இருக்கும். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்பவர்களும் இதையே கவனிக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். அழைப்பு உறுதியானதுமே எது சாப்பிடுவேன், எது மாட்டேன், முட்டை, மீன், கொழுப்பு என்று பிரித்து, சீன மொழியில் எழுதி, நண்பரின் அம்மாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பட்டியல் நீளமாக இருந்தாலும் கவலையில்லை. பிடிக்காததைச் சமைத்து விருந்தாளி பட்டினி கிடப்பதுதான் அவர்களுக்கு அவமானம்.

வட சீன வீடுகளில் புத்தாண்டுக்கு முந்தைய மாலை ஜியாவ்ட்ஸி என்னும் பூரணக் கொழுக்கட்டை மடிப்பார்கள். வீடே மேசையைச் சுற்றி உட்காரும். மாவு உருட்டுவது ஒருவர், மற்றவர்கள் மடிப்பது. வட்டத்தை இடது உள்ளங்கையில் வைத்து, பூரணத்தை நடுவில் வைத்து, முதலில் நடுப்பகுதியை ஒட்டி, பிறகு இரு பக்கமும் சின்னச் சின்ன மடிப்பாகக் கொண்டுவர வேண்டும். சோமாசி ஓரம் மடிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். பூரணத்தை நிறைய அடைத்தால் தண்ணீரில் வெடித்துவிடும், ஒரு டீஸ்பூன் போதும். வீட்டு மாவுக்கு ஓரத்தில் தண்ணீர் தடவத் தேவையில்லை. கடையில் வாங்கிய வட்டமென்றால் தடவியாக வேண்டும். சைவர்கள் முட்டைக்கோஸ், காளான், கேரட், கண்ணாடி நூடுல்ஸ் சேர்த்துத் தனிப் பூரணம் கேட்கலாம். எல்லாம் ஒரே பானையில்தான் வேகும். உங்களுடையதை முதல் ஈடாக வேகவைக்கச் சொல்லிவிடுங்கள். நாணயம் ஒளித்துவைத்த ஜியாவ்ட்ஸி ஒன்று இருக்கும், கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். பல்லை நினைத்து மெதுவாகக் கடியுங்கள்.

தென் சீன வீட்டில் ஜியாவ்ட்ஸிக்குப் பதில் நியென்காவ் என்னும் அரிசிமாவுப் பலகாரம் வரும். மீன் எங்கேயும் உண்டு, அதை முழுவதும் காலி செய்யாமல் மிச்சம் வைப்பார்கள். நீங்கள் தட்டைத் துடைத்து வைக்க வேண்டாம்.

பாய்ஜியு என்பது பெரும்பாலும் 50 சதவீதம் வாக்கில் ஆல்கஹால் உள்ள சாராயம். மாமாக்கள் விடாமல் ஊற்றுவார்கள். குடிக்காதவர் முதல் கோப்பையிலேயே நிறுத்த வேண்டும், “இன்று ஒன்று மட்டும்” என்று ஆரம்பித்தால் முடிவே இல்லை. மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள், மருத்துவ மாணவர் சொன்னால் இன்னும் நம்புவார்கள். தேநீர்க் கோப்பையைத் தூக்கி, பெரியவர் கோப்பைக்குச் சற்றுக் கீழே தட்டினால் மரியாதை நிறைவேறிவிடும்.

இரவு 8 மணிக்கு எல்லாரும் தொலைக்காட்சி முன் உட்கார்வார்கள். பாதிப் பேர் போனைத்தான் பார்ப்பார்கள். பட்டாசு பற்றிக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பெய்ஜிங் உட்பட பல நகரங்களில் தடை உண்டு. கிராமங்களில் நள்ளிரவு முழுக்கக் காது கிழியும்.

முதல் நாள் வீடு பெருக்க மாட்டார்கள், உதவி செய்கிறேன் என்று துடைப்பத்தைத் தூக்காதீர்கள். அன்று தந்தை வழி உறவுகளைப் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் கட்டிக்கொடுத்த பெண்கள் அம்மா வீட்டுக்கு வருவார்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு கிளம்பிவிடுவது நாகரிகம். சுற்றிப் பார்க்க ஓரிடம் வைத்துக்கொண்டால் வீட்டாருக்கும் ஓய்வு.

9. ஹாஸ்டலிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு

கூரியர் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே தளரத் தொடங்கும். தாவ்பாவ் ஆன்லைன் சந்தையின் கடைக்காரர்கள் அதற்கும் முன்பே ஊருக்குப் போய்விடுவார்கள். துவரம் பருப்பு, சாம்பார்ப் பொடி, ஊறுகாய் எல்லாம் பத்து நாள் முன்பே வந்து சேரும்படி ஆர்டர் செய்யுங்கள். ஷுன்ஃபெங் கூரியர் மட்டும் பெரும்பாலும் ஓடும். உணவு டெலிவரியில் கடையும் குறைவு, ஆளும் குறைவு. மின்சாரக் கார்டு, தண்ணீர்க் கேன் இரண்டையும் முன்பே நிரப்புங்கள். ரீசார்ஜ் கவுன்டர் பூட்டிய பிறகு ஹீட்டர் நின்றால் போர்வைதான் கதி.

இண்டக்ஷன் அடுப்பும் குக்கரும் அறையில் பிடிபட்டால் பறிமுதல். விடுமுறையிலும் சோதனை வரும். மாடிப் பொதுச் சமையலறை இருந்தால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அங்கும் விசில் சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தங்கியிருக்கும் மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் விழா இரவன்று இலவச விருந்து வைக்கும். அறிவிப்பு வீசாட் குழுவில் சில நாள் முன்பு வரும், பெயர் கொடுக்க ஒருநாள்தான் இருக்கும். குழுவை மியூட்டில் போட்டவர்கள் தவறவிடுவது இதைத்தான். பெயர் கொடுக்கும்போதே சைவம் என்று எழுதுங்கள். கதவில் ஒட்டும் சிவப்புத் தாள்கள் சூப்பர் மார்க்கெட்டில் சில யுவான்தான். வண்ணம் உரியாத ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள், இல்லையென்றால் செமஸ்டர் முடிவில் ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் அயி எனும் அம்மா டெபாசிட்டில் கைவைப்பார். அயிக்கும் வாசல் காவலருக்கும் ஊருக்குப் போகும் வாய்ப்பு இல்லை. சூடாக ஒரு தட்டு கேசரியோ பஜ்ஜியோ கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு இரவு தாமதமாக வந்தாலும் கதவு திறக்கும்.

வெளியே பார்க்க வேண்டுமென்றால் குவாங்ஜோவில் விழாவுக்கு முந்தைய நாள்களில் நடக்கும் பூச்சந்தைக்குக் கட்டணமில்லை. விழா இரவோடு முடிந்துவிடும், அடுத்த நாள் போனால் வெறும் தெரு. பெய்ஜிங்கில் டீதான் பூங்காவின் கோயில் சந்தை, நான்ஜிங்கில் ஃபூட்ஸிமியாவ் விளக்குகள் நன்றாக இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை எல்லா இடமும் பிதுங்கும், காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். ஐந்தாம் நாள் வாக்கில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

10. திரும்பி வந்த பிறகு

ஹாஸ்டலுக்கு வந்ததும் மறுபடி தங்கல் பதிவு செய்யச் சொல்லும் கல்லூரிகள் பல. வெளியே பதிந்தபோது பழைய முகவரிப் பதிவு மாறியிருக்கும் என்பதுதான் காரணம். இதற்கும் 24 மணி நேரம்தான், பையைப் பிரிக்கும் முன்பே ஆபீஸுக்குப் போய்விடுங்கள், அல்லது செயலியில் முடித்துவிடுங்கள். செமஸ்டர் பதிவுக்குக் கடைசி நாள் விளக்குத் திருவிழாவை ஒட்டியே வரும், தாமதமானால் வருகைப் பதிவில் குறையும். நண்பரின் அம்மாவுக்கு “வந்து சேர்ந்தேன்” என்று ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். சீன மொழி உடைந்து வந்தாலும் பரவாயில்லை.

மற்ற பண்டிகைகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. இலையுதிர் கால நடுவிழா 2026-இல் செப்டம்பர் 25. கல்லூரியே மூன்கேக் கொடுக்கும். உள்ளே பன்றிக் கொழுப்போ முட்டை மஞ்சளோ இருக்கலாம், உறையைப் பார்த்துச் சாப்பிடுங்கள். டிராகன் படகு விழா 2027-இல் ஜூன் 9. அன்று சாப்பிடும் ட்ஸோங்ட்ஸி இலையில் சுற்றி வேகவைத்த அரிசிப் பலகாரம்; வடக்கே பெரும்பாலும் சீன இலந்தைப் பழம் போட்ட இனிப்பு, தெற்கே பன்றி இறைச்சி. ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும் ச்சிங்மிங் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள், அன்று யாருக்கும் வாழ்த்துச் செய்தி அனுப்பிவிடாதீர்கள். இந்த விடுமுறைகளுக்கும் ஈட்டு நாள் வரலாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அனாடமி வகுப்பு இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை இரவே குழுவில் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.